படத்தைக் கையால் மறையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்துகிறேன். கணக்கில் கெட்டிக்காரன். வாயால் கேட்டால் எதற்கும் பதில் சொல்வான். வாசிப்புதான் வரவில்லை. ஒரு பத்தியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடும், சில நாள் அவனுக்கு, சில நாள் எனக்கு. வாசிப்புப் பயிற்சி மென்பொருள் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். ஆசையாகச் செய்தான். எட்டு மாதத்தில் நாற்பதாவது நிலைக்குப் போய்விட்டான். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரி என்று திரை சொல்கிறது. ஆனால் போன வாரம் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா? அப்புறம், பாடங்களைக் கணினியே உரக்க வாசித்துக் காட்டும்படி வைத்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடுவான் என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாறுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அவன் அந்த மென்பொருளில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். திரையை விட்டுவிட்டு அவன் கண்ணைப் பாருங்கள்.

இது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. என் தங்கை மகளுக்கு ஒரு வருடம் வீட்டில் வாசிப்புச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கும் இப்படி ஒரு மென்பொருள் இருந்தது. மேலே ஒரு சொல், கீழே மூன்று படம். சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் விழும். மளமளவென்று தொட்டுக்கொண்டே போவாள். நான் அடுத்த அறையில் நட்சத்திரம் விழும் ஓசையைக் கேட்டுக் குளிர்ந்துபோயிருந்தேன். ஒரு நாள் விளையாட்டாக மூன்று படங்களையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, “இப்போ படி பார்ப்போம்” என்றேன். திரையில் இருந்த சொல் ‘கோடு’. அவள் சொல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். “கொடி?” என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கவும், “பெரியம்மா, கையை எடுங்க” என்றாள்.

அவள் செய்துகொண்டிருந்தது இதுதான்: முதல் எழுத்தில் ஒரு பார்வை, உடனே படத்துக்குத் தாவல். மூன்று படத்தில் ‘க’ வரிசையில் தொடங்குவது பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதைத் தொட்டால் போதும். இதில் தப்பு அவள் மேல் இல்லை. புத்திசாலிப் பிள்ளை குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கத்தான் செய்யும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இதில் மற்றவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள், அதை வைத்துத்தானே இத்தனை நாள் சமாளித்து வந்திருக்கிறார்கள்! உங்கள் மகனின் தொண்ணூறு சதவீதமும் இப்படி வந்ததாக இருக்கலாம். படத்தை மறைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் அர்த்தமே இல்லாத பத்துச் சொற்களை எழுதுங்கள். தெமூகி, பொலாடு, நேபுறை, கௌமிட என்று வாய்க்கு வந்தபடி. “இதெல்லாம் வேற்றுக்கிரகத்துப் பெயர்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். இதில் ஊகத்துக்கு இடமில்லை, எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும். திருத்தாதீர்கள். எங்கே நிற்கிறான், எதை எதாக மாற்றிச் சொல்கிறான் என்று மட்டும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிலை அறிக்கையைவிட அந்த ஒரு தாள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

1986-இல் கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு எண். கேட்கிற மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டலாக இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றது தாங்கும். பெருக்கலில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக அவனுடைய இரண்டாவது எண் நன்றாகவே இருக்கிறது. முதல் எண்ணுக்குத்தான் வேலை. மென்பொருள் தேடும்போதும் இது முதல் எண்ணுக்கா, இரண்டாவதற்கா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நம் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் நேரே எழுதுகிறபடி வாசிக்கும் மொழி, சுலபம் என்பார்கள். தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘கெ’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் கிடைப்பது ஒற்றைக் கொம்பு, வாய்க்கு முதலில் வரவேண்டியது ‘க்’. ‘கொ’வில் உயிர்க்குறி இரண்டு துண்டாகி முன்னால் கொம்பும் பின்னால் துணைக்காலுமாக நிற்கிறது. ‘கௌ’வின் வால் அப்படியே ‘ள’ போல இருக்கிறது, கெள என்று வாசித்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று. ஆங்கிலத்துக்கென்று எழுதி, மேலே தமிழ்ப் படங்களை ஒட்டிய மென்பொருள்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. 26 எழுத்துகளை வரிசையாகக் கற்பிக்கிற அதே சட்டகத்தில் உயிர்மெய் 216-ஐயும் தனித்தனிப் படமாகக் காட்டிவிட்டுப் போய்விடும். அந்தத் தாளில் உங்கள் மகன் கொம்பு வரும் இடத்திலெல்லாம் நின்றிருந்தால், கொம்பை மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சாதாரண எழுத்துச் செயலி போதும். ‘க’ அடித்து, கொம்பு சேர்த்து, அழித்து, நெடிலாக்கி, ‘கெ, கே, கெ, கே’ என்று அவனையே அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான விசைப்பலகைகளில் மெய்யைத் தட்டிய பிறகுதான் உயிர். கண் ஏமாற்றுகிற வரிசையை விரல் சரிசெய்துவிடும். நான் கண்ட வரையில் தமிழ் வாசிப்புக்குக் கணினி செய்கிற பெரிய உதவி இதுதான், இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இரண்டாவது உதவி, கணினி பெருமூச்சு விடாது. நாம் விடுவோம். ஒரே சொல்லில் ஐந்தாவது முறை தடுக்கும்போது நாம் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளைக்குக் கேட்டும்விடும். வீட்டுக் கல்வியில் அம்மாவும் ஆசிரியரும் ஒரே ஆள் என்பதால் இது இன்னும் மோசம். சலிக்கச் சலிக்கத் திரும்பச் செய்ய வேண்டிய எழுத்து–ஒலிப் பயிற்சியை இயந்திரத்திடம் கொடுங்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அவன் உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். பிள்ளையின் குரலைக் கேட்டுத் திருத்தும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆனால் சிறுவர் குரலைப் பிடிப்பதில் அவை இன்னும் தடுமாறுகின்றன. சரியாக வாசித்ததைத் தப்பு என்று சொன்னால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பதில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து வையுங்கள். நூறு சொல்லுக்குள் ஒரு பத்தி. வாசித்துப் பதிவு செய்யட்டும். பிறகு எழுத்தில் விரலை ஓட்டியபடி தன் குரலைத் தானே கேட்கட்டும். “இங்கே விட்டுட்டேன்” என்று அவனே நிறுத்துவான். அதே பத்தியை மூன்று, நான்கு நாள் வாசிக்கட்டும். திரும்பத் திரும்ப வாசிக்கும் இந்த முறையை 1979-இல் சாமுவெல்ஸ் என்பவர் எழுதினார், இன்றும் அது கைவிடப்படவில்லை. முதல் நாள் பதிவையும் நான்காம் நாள் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் அவன் முகத்தைப் பாருங்கள், எந்த நட்சத்திரத்துக்கும் அப்படி மலராது.

இனி உங்கள் கணவர் கேட்டது. 1896-இல் பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். படுசுட்டி, கண்ணில் குறையில்லை, ஆனால் சொற்களை வாசிக்க வரவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவன் ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. அந்தப் பையனுக்கு உரக்க வாசிக்கும் கணினி இல்லை, உங்கள் மகனுக்கு இருக்கிறது. அறிவியலும் வரலாறும் கதையும் காது வழியாகப் போகட்டும். வாசிக்க வரும்வரை அவற்றை நிறுத்திவைத்தால், முதல் எண் ஏறுவதற்குள் இரண்டாவது எண் இறங்கிவிடும். சோம்பேறித்தனம் எப்போது வரும் என்றால், வாசிப்புப் பயிற்சி நேரத்திலும் அதே குரலை ஓடவிட்டால்தான். அந்தப் பதினைந்து நிமிடமும் அவன் உரக்க வாசிக்கும் நேரமும் தனி. அப்போது குரல் அணைந்திருக்க வேண்டும். இதைக் கணவரிடம் சொல்லுங்கள், அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

விசேஷ எழுத்துருக்கள், வண்ணத் தாள்கள் என்று யாராவது விற்க வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது சில பிள்ளைகளுக்கு உதவுகிறது, அது எழுத்துச் செயலியிலேயே இலவசமாக இருக்கிறது. கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கற்றல் குறைபாடு பார்க்கும் நிபுணர் கிடைத்தால் அவரிடமும் போங்கள். மென்பொருள் அதற்கு மாற்று இல்லை.

சந்தாவை இப்போதைக்குப் புதுப்பிக்க வேண்டாம். வேற்றுக்கிரகத்துப் பெயர்கள் தாளை முதலில் செய்துவிட்டு, கொம்பில் நிற்கிறானா, மெய்யெழுத்தின் புள்ளியை விடுகிறானா, ல ள ழ குழப்பமா என்று எனக்கு எழுதுங்கள். எந்த மென்பொருள் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.