நார்வே ஏன் சில ஆழமான கடல் பகுதிகளில் தூண் நட்டுப் பாலம் கட்டுவதில்லை?

சிக்கலே ஆழம்தான். கிறிஸ்தியான்சான்டிலிருந்து டிரான்ட்ஹைம் வரை சுமார் 1,100 கி.மீ. ஓடும் ஈ39 நெடுஞ்சாலையில் இன்னும் பல ஃபியோர்டுகளை (நிலத்துக்குள் நீண்டு நுழையும் ஆழமான கடல் கால்களை) படகில்தான் கடக்க வேண்டும். அவற்றில் சோக்னேஃபியோர்டு 1,300 மீட்டர் வரை ஆழம். சாலை கடக்கும் இடத்தில் அகலமும் சுமார் 3.7 கி.மீ. அங்கே எங்கே தூண் நடுவது? தொங்குபாலமும் எட்டாது, இன்று உலகிலேயே நீளமான தொங்குபாலத்தில், துருக்கியில் உள்ளது, இரு கோபுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2,023 மீட்டர்தான். சுரங்கம் என்றால், அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி ஏறப் பாதை மிக நீண்டுவிடும்.

அதனால்தான் மிதக்கும் பாலம். பெர்கன் அருகே 1994-ல் திறந்த நூர்ஹோர்ட்லன்ட் பாலம் கான்கிரீட் மிதவைகள் மேல் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: நடுவில் நங்கூரமே கிடையாது! வில்லாக வளைந்த வடிவமே அலையின் தள்ளலை இரு கரைகளுக்கும் கடத்திவிடுகிறது. சரி, கப்பல் எப்படிப் போகும்? ஒரு முனையில் மட்டும் உயரமான கம்பிவடப் பாலம் (கோபுரத்திலிருந்து சாய்வாக இழுத்துக் கட்டிய கம்பிவடங்கள் தாங்குவது) வைத்து வழிவிட்டிருக்கிறார்கள்.