விருந்தைக் காட்டியதுதான் வினை

கே: 'டின்னர் ஃபார் ஷ்மக்ஸ்' பார்த்தேன். ஸ்டீவ் கரெல் இருந்தும் சிரிப்பு வரவில்லை. மூலமான பிரெஞ்சுப் படத்தை மட்டும் எல்லோரும் கொண்டாடுகிறார்களே, ஏன்?
– மாட்டுங்கா வாசகர்

ப: மூலப் படம், பிரான்சிஸ் வெபேர் தன் நாடகத்தைத் தானே 1998-ல் படமாக்கிய 'லெ தினே தெ கோன்'. வாராவாரம் ஆளுக்கொரு அசட்டை விருந்துக்கு அழைத்துவந்து கேலி செய்யும் பணக்காரக் கும்பல். அதில் ஒருவன் பதிப்பாளர் ப்ரோஷான். அவனிடம் சிக்குபவர் பின்யோன். அரசாங்கக் குமாஸ்தா, தீக்குச்சியில் ஈபிள் கோபுரம் கட்டியவர். 3,46,422 குச்சி என்று கணக்கும் ஒப்பிப்பார். அன்று பார்த்து ப்ரோஷானுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. விருந்துக்குப் போகவே இல்லை. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே ஃபிளாட், ஒரு டெலிபோன், 80 நிமிடம்.

அந்த டெலிபோன் காட்சியைப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போன ப்ரோஷானின் மனைவி, அவனுடைய பழைய நண்பன் வீட்டில் இருக்கிறாளா என்று தெரியவேண்டும். பெல்ஜியத் தயாரிப்பாளர் என்று சொல்லி, அந்த நண்பனின் நாவலுக்கு உரிமை கேட்பதுபோல் பேசுகிறார் பின்யோன். பேரம் சூடுபிடிக்கிறது. உரிமை படிந்துவிட்ட குஷியில் போனை வைத்துவிடுகிறார். மனைவியைப் பற்றிக் கேட்கவே இல்லை! உபகாரம்தான் உபத்திரவம்.

2010-ல் ஜே ரோச் எடுத்த ரீமேக் 114 நிமிடம். ப்ரோஷான் இடத்தில் வரும் பால் ரட்டின் பாத்திரத்தை நல்லவனாக்கிவிட்டார்கள். பிரமோஷனுக்காக, அரைமனதோடு விருந்துக்குச் சம்மதிக்கிறவன். தப்பு செய்தவன் மாட்டிக்கொண்டால் சிரிக்கலாம். அப்பாவி மாட்டினால் 'பாவம்' என்றல்லவா தோன்றும்? போதாததற்கு கதை வீட்டைவிட்டு ஊர் சுற்றுகிறது. எழுந்து போக முடிகிறவன் இந்த இம்சையை ஏன் பொறுக்கவேண்டும்? கடைசியில் விருந்தையே காட்டி, ஆளுக்கொரு கோமாளித்தனம். கரெல் பாடம் செய்து அலங்கரிக்கும் எலிப் பொம்மைகள் மட்டும் அருமை.

கே: ஹாலிவுட்டுக்குப் பிரெஞ்சுக் காமெடி ஒத்துவராதோ?
– செம்பூர் வாசகி

ப: வரும். 1996-ன் 'தி பேர்ட்கேஜ்' பாருங்கள். அதன் மூலத்துக்கும் திரைக்கதையில் வெபேரின் கை உண்டு. வருங்காலச் சம்பந்தியை விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டு ரகசியத்தை மறைக்கும் அவஸ்தையை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கே: நம் பக்கம் யாரும் முயலவில்லையா?
– டோம்பிவிலி வாசகர்

ப: 2007-ல் சாகர் பல்லாரியின் 'பேஜா ஃப்ரை' வந்ததே! சின்ன பட்ஜெட், நம் மும்பை வீடு. தீக்குச்சிக்குப் பதில் வினய் பாடக்குக்குப் பாட்டுப் பைத்தியம். தீக்குச்சிக் கோபுரத்தைப் போட்டோவில்தான் காட்டமுடியும்; பாட்டு நேரே காதில் விழும். ரிசப்ஷனில் மைக்கை விடாத மாமா எந்தக் குடும்பத்தில் இல்லை? மூலத்துக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டது வேறு விஷயம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, சிரிப்பில் குறையில்லை.

பிரெஞ்சுப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். அந்தப் பழைய நண்பனின் பெயர் ஜூஸ்த் லெப்லான். பிரெஞ்சில் 'ஜூஸ்த்' என்றால் 'வெறும்' என்றும் பொருள். பின்யோனுக்கோ 'வெறும் லெப்லான்' என்று காதில் விழுகிறது. 'அவருக்கு முதல் பெயரே கிடையாதா?' என்கிறார். 'ஜஸ்ட்' இருப்பதால் ஆங்கிலம் தப்பிக்கிறது. தமிழில் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். 'வெறும்' என்று யார் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள்?