கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

தம்பி, தென்கொரியாவின் சுவோன் நகரத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்து சில வாரங்களே ஆகியிருக்கும் நிலையில், ஆய்வகத் தோழர்கள் வரும் வெள்ளிக்கிழமை மாலை கொரிய பார்பிக்யூ உணவகத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்றும், மாட்டிறைச்சி உண்ணாத, மது அருந்தாத நீங்கள் அங்கே போவதா அல்லது ஏதேனும் காரணம் சொல்லித் தவிர்ப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசியம் போங்கள். ஆனால் மாட்டிறைச்சி உண்ண மாட்டீர்கள் என்பதை மேசையில் அமர்ந்த பிறகு சொல்லாமல், கடை முடிவாவதற்கு முன்பே, இன்றே சொல்லிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் உணவகங்களைப் போல ஆளுக்கொரு தட்டு வரவழைத்துக்கொள்ளும் இடமன்று அது. மேசையின் நடுவே அடுப்பு, அதன்மேல் ஒரே ஒரு வாட்டுதட்டு, அதைச் சுற்றி நான்கு பேர் என்பதுதான் அமைப்பு. இறைச்சியைத் தனி ஒருவருக்கென்று கேட்டாலும் பெரும்பாலான கடைகளில் தர மாட்டார்கள். குறைந்தது இரண்டு பேருக்கான அளவாவது வாங்க வேண்டும். அதோடு, பல கடைகள் ஒரே வகை இறைச்சியை மட்டுமே விற்கின்றன. மாட்டிறைச்சிக் கடைக்குள் நுழைந்துவிட்டால், உங்களுக்கென்று மாற்றாகக் கேட்பதற்குச் சோறும் சாறும் தவிர வேறொன்றும் இருக்காது. நண்பர்களும் உங்களை வைத்துக்கொண்டு மனம் ஒப்பி உண்ண முடியாமல் தவிப்பார்கள்.

சுவோனில் இந்த ஆபத்து மற்ற ஊர்களைவிடக் கூடுதல். இந்த ஊரின் பெருமையே பெரிய எலும்போடு கூடிய மாட்டு விலா இறைச்சி, அதாவது சுவோன் கால்பி. 1794 முதல் 1796 வரை ஜோங்ஜோ மன்னர் இங்கே ஹ்வாசோங் கோட்டையைக் கட்டியபோது உழவுக்கு மாடுகள் கொடுத்து ஊரை வளர்த்ததாகவும், அதனால் பெருகிய மாட்டுச் சந்தையிலிருந்தே இந்த உணவு பிறந்ததாகவும் இவ்வூரார் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தினருக்கு ஊரின் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்ற அன்பினாலேயே உங்களை அங்கே அழைத்துச் செல்ல நினைப்பார்கள்.

ஆகவே காகாவோடாக் என்ற செய்திச் செயலியில் உங்கள் ஆய்வகக் குழுவில் 'சோகொகி மோன் மொகொயோ' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சி என்னால் உண்ண முடியாது என்று பொருள். காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கேட்டால் வீட்டுப் பழக்கம் என்று சொன்னால் போதும், அதைப் புரிந்துகொள்ளாதவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். கூடவே வேறு என்ன உண்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனெனில் வேண்டாம் என்பதை மட்டும் கேட்பவருக்குக் கடை தேடுவது கடினம். பன்றி இறைச்சி உண்பதில் மறுப்பில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், சாம்கியொப்சால் எனப்படும் வயிற்றுப் பகுதி இறைச்சிக் கடையை அவர்களே மகிழ்ச்சியோடு தேர்ந்தெடுப்பார்கள். மாணவர்கள் வழக்கமாகப் போவதும் அங்கேதான். கோழியே போதும் என்று தோன்றினால், காரக் குழம்பில் ஊறிய கோழியைப் பெரிய இரும்புத் தட்டில் முட்டைக்கோசும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்து வதக்கும் தக்கால்பி உண்டு. அது சுன்சோன் நகரத்தின் உணவு என்றாலும் எல்லா ஊர்களிலும் கிடைக்கும், நம் நாக்குக்கு முதல் நாளிலேயே பிடித்துவிடும். சுவோனிலேயே ஹ்வாசோங் கோட்டையின் பால்தல் வாயிலுக்கு அருகில் முழுக்கோழி பொரித்துத் தரும் கடைகள் நிறைந்த தெரு ஒன்றும் இருக்கிறது.

பன்றி இறைச்சிக் கடையிலும் ஒன்றைக் கவனியுங்கள். இறுதியில் வரும் தென்ஜாங் ஜிகே என்ற சோயா விழுதுக் குழம்பில் மாட்டிறைச்சித் துண்டுகள் கிடக்கலாம். குளிர்ந்த நெங்மியோன் நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் காய்ச்சியது. இரண்டையும் கேட்டு உறுதிசெய்த பிறகு உண்ணுங்கள். உங்கள் அறைத் தோழர் முழுச் சைவம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவருக்கு இந்த வகைக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிம்சி என்ற புளிக்கவைத்த காரக் காய்கறியிலேயே மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும், குழம்புக்கு நெத்திலிச் சாறு அடிப்படை, காளானையும் அதே தட்டில்தான் வாட்டுவார்கள். அவரோடு, சோற்றில் காய்கறிகளைக் கலந்து உண்ணும் பிபிம்பாப் கடைக்குப் போய், இறைச்சியை நீக்கித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

இனி மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். கரண்டியும் உலோகக் குச்சிகளும் பெரும்பாலும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். குளிர்காலமானால் வட்ட முக்காலியின் மூடியைத் திறந்து உள்ளே மேலங்கியை வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை வாசம் பல நாட்கள் போகாது. கிம்சி, வெங்காயத்தாள் கலவை, முளைகட்டிய சோயா முதலிய பான்சான் எனப்படும் தொட்டுக்கொள்ளும் உணவுக் கிண்ணங்களுக்குத் தனிக் காசில்லை. தீர்ந்தால் மறுபடி கேட்கலாம், சில கடைகளில் நாமே எடுத்துக்கொள்ளலாம். இறைச்சியை நீளமாகவே தட்டில் போட்டு, வெந்து வரும்போது கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். இடுக்கியும் கத்தரிக்கோலும் வழக்கமாக மேசையில் இளையவர் கைக்கே போகும், அதனால் ஒரு சுற்றாவது நீங்கள் கேட்டு வாங்கி வாட்டுங்கள். மொழி வராத புதியவர் அந்த மேசையோடு சேர்ந்துவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மற்றவர் கிண்ணத்தில் வெந்த துண்டை எடுத்து வைக்கும்போது பேச்சு தானாக வரும்.

உண்ணும் முறை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. உள்ளங்கையில் கீரை இலையையோ பெரில்லா இலையையோ விரித்து, அதில் இறைச்சித் துண்டு, சாம்ஜாங் என்ற காரச் சோயா விழுது, ஒரு பூண்டுச் சில்லு, பச்சை மிளகாய் எல்லாம் வைத்து, வெற்றிலையைப் போல மடித்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்திருப்பது அழகன்று. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பதும் இங்கே வழக்கமில்லை. பேராசிரியர் வந்திருந்தால் அவர் கரண்டியை எடுத்த பிறகு தொடங்குங்கள்.

மதுவைப் பற்றி நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. சோஜு என்ற கொரிய மதுவை மூத்தவர் ஊற்றும்போது இரு கைகளாலும் கோப்பையை ஏந்தி வாங்குவதும், அவருக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக் குடிப்பதும், தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளாமல் அடுத்தவருக்கு ஊற்றுவதும் இங்குள்ள மரியாதை. குடிக்காதவரும் இதில் பங்கு கொள்ளலாம். சைடா என்ற நிறமற்ற குளிர்பானத்தை வரவழைத்து, அதைச் சிறு கோப்பையில் ஊற்றி அவர்களோடு சேர்ந்து கோப்பையைத் தட்டுங்கள். மற்றவர் கோப்பை காலியாகும்போது இரு கைகளாலும் பாட்டிலைப் பிடித்து ஊற்றுங்கள். குடிக்க வற்புறுத்தும் பழக்கம் முன்பு கடுமையாக இருந்தது உண்மைதான். 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டவிதி நடைமுறைக்கு வந்த பிறகும், பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகும் அது வெகுவாகத் தணிந்திருக்கிறது. உங்கள் வயதுடைய கொரியர்களிலேயே குடிக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

செலவையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். சியோலில் 200 கிராம் சாம்கியொப்சாலின் சராசரி விலை 2024-ஆம் ஆண்டில் 20,000 வொன்னைத் தாண்டிவிட்டது. பேராசிரியரின் விருந்தானால் அவரே கொடுப்பார். நண்பர்களுக்குள் என்றால் ஒருவர் வாசலில் உள்ள கல்லாவில் மொத்தமாகச் செலுத்த, மற்றவர்கள் கைப்பேசி வழியே தம் பங்கை அவருக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பங்கைக் கேட்கும்வரை காத்திராமல் அன்றிரவே அனுப்பிவிடுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. உணவு முடிந்ததும் இரண்டாம் சுற்றுக்கு மதுக்கடைக்கோ காபிக்கடைக்கோ கிளம்புவார்கள். அதற்கு வராமல் விடைபெறுவதை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.