ஆணி மேசையில் தேங்கும் பெட்டிகள்

கேள்வி: சூலூரில் ஐந்து பேரை வைத்து மரப்பெட்டிப் பட்டறை நடத்துகிறேன். பம்ப், மோட்டார் அனுப்பும் பெட்டிகளும் கடைகளுக்கான டிஸ்ப்ளே ஸ்டாண்டுகளும் செய்கிறோம். ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு அளவு. சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. இன்னொரு ரம்பம் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அறுத்த பலகை ரம்பத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். கிடந்தால், புது ரம்பம் அந்தக் குவியலைத்தான் பெரிதாக்கும். தாமதம் ஆணி அடிக்கும் இடத்தில் இருக்கிறது. நானும் இது புரியாமல் பல மாதம் ரம்பக்காரரையே விரட்டிக்கொண்டிருந்தேன்.

அளவு எதுவானாலும் பெட்டிக்கு அடி, மூடி, நான்கு பக்கம் என்று ஆறு பாகம்தான். பெட்டியை நிறுத்தி வைத்து ஒவ்வொரு பலகையாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் மேசையில் படுக்க வைத்து முழுதாக அடித்துவிட்டு, கடைசியில் கூட்டுங்கள். இதற்கு ஒரு ஜிக் மேசை, அதாவது பலகைகளை அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம் போட்ட மேசை, போதும். கனமான பிளைவுட்டில் இரண்டு ஓரம் மூலைமட்டத்துக்கு நிலைச்சட்டம், எதிரே போல்ட் போட்டு நகர்த்தும் சட்டம். அளவு மாறினால் அதை மட்டும் தள்ளி முடுக்கலாம். முதல் பாகத்தை எதிர் மூலைக்கு எதிர் மூலை, இரண்டு பக்கமும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மற்றதை அளக்காமலே அடிக்கலாம்.

வாடிக்கையாளர் சொல்வது உள்ளளவா வெளியளவா என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உள்ளளவு 600க்கு 400 மி.மீ., பலகையின் கனம் 18 மி.மீ. என்றால், நீளப் பக்கம் 600. அதன் முனைகளை மூடும் குறுக்குப் பக்கம் 400உடன் இரண்டு பலகைக் கனம் சேர்த்து 436. இந்த 36 மறந்துபோய் வீணான மரம் கொஞ்சமல்ல. அறுத்ததும் ஒரு பெட்டிக்கான பலகைகளை ஒரே கட்டாகக் கட்டிச் சீட்டு செருகிவிடுங்கள்.

வெளிநாடு போகும் பெட்டி என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் முத்திரை இருக்க வேண்டும். முழுக்க பிளைவுட்டில் செய்தால் இந்த விதி கிடையாது.

ஸ்டாண்டு வேலையைத் தயவுசெய்து தனி மேசைக்கு மாற்றுங்கள், முடிந்தால் தனி அறைக்கே. அதற்கு நன்கு காய்ந்த மரம், ஸ்க்ரூ, நிதானமான கை தேவை. பெட்டிப் பக்கத்துத் தூசி பாலிஷில் ஒட்டினால் மறுபடி தேய்க்க வேண்டும்.

ஜிக் வைத்த பிறகும் ஆணி மேசையில் வேலை தேங்கினால் இரண்டாவது நெயில் கன் (காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவி) வாங்குங்கள். அதற்கு முன், கம்ப்ரசர் காற்று இரண்டுக்கும் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.