டீச்சரைக் கேளுங்க: டிரம்ல புழு, தலையில ஈர், ராத்திரி அரிப்பு

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல, பிள்ளைங்க வீட்ல கேட்டு அப்பா அம்மாவால பதில் சொல்ல முடியாம போன கேள்விங்கதான். அதனால மத்ததெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு ஒதுக்கி வெச்சுட்டேன்.

கேள்வி: டீச்சர், பையன் நாலாங்கிளாஸ். கொசுவோட வாழ்க்கைச் சுழற்சினு சார்ட் ஒட்டிட்டுப் போயி ஸ்டார் வாங்கிட்டு வந்தான். அடுத்த வாரமே டெங்கு ஒழிப்புப் பணியாளருங்க வந்து டார்ச் அடிச்சுப் பாத்து, எங்க வீட்டு டிரம்லயே புழு இருக்குனு சொல்லிட்டாங்க, தெருவே வேடிக்கை பாத்துச்சு. நாங்க வாரா வாரம் தண்ணியக் கொட்டிட்டுத்தான் புதுசா புடிக்கிறோம். "அப்புறம் எப்படிம்மா வந்துச்சு"னு கேக்கறான், எனக்கே தெரியல. (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: பையன் கேட்டது சார்ட்டுல இல்லாத கேள்வி, அதுக்கே அவனுக்கு இன்னொரு ஸ்டார் குடுக்கலாம். சார்ட்டுல பொதுவா முட்டைங்க கூட்டமா தண்ணி மேல மிதக்கற மாதிரி படம் இருக்கும், அது சாக்கடைத் தண்ணில வளர்ற க்யூலெக்ஸ் கொசு போடற முட்டை. டெங்குவைப் பரப்பற ஏடிஸ் அப்படிப் போடாது. அது நல்ல தண்ணியாப் பாத்து வந்து, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமா இருக்கற சுவத்துல ஒவ்வொண்ணா ஒட்டிட்டுப் போயிடும், ஒரு தடவைக்கு நூறு முட்டை வரைக்கும் போடும், ஒரே எடத்துல போடாம நாலஞ்சு பாத்திரத்துல பிரிச்சும் போடும். நீங்க தண்ணியக் கொட்டினப்போ தண்ணிதான் போச்சு, முட்டை டிரம் சுவத்துலயே இருந்துச்சு. காஞ்சு போனாலும் அது சாகாது, மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், மறுபடி தண்ணி ஏறி அது முங்கினா பொரிஞ்சுடும். அதனாலதான் கோடை முழுக்க காஞ்சு கிடந்த ஆட்டுக்கல்லுல முதல் மழை பேஞ்ச ரெண்டாவது நாளே புழு நெளியுது.

அப்போ என்ன பண்ணணும்னா, கொட்டினா மட்டும் பத்தாது, தேய்க்கணும். தேங்கா நாரோ நைலான் நாரோ எடுத்து, தண்ணி நின்ன கோட்டுக்கு ஒரு சாண் மேல வரைக்கும், உள்பக்கம் சுத்தி அழுத்தித் தேய்ச்சுட்டு அந்தத் தண்ணியையும் வெளில காஞ்ச மண்ணுல ஊத்துங்க. பையனையே டார்ச் புடிக்கச் சொல்லுங்க, கண்ணு நல்லா இருக்கற பிள்ளைங்களுக்கு சுவத்துல கறுப்புப் புள்ளியாத் தெரியும். ஏன் வாரத்துக்கு ஒரு தடவைனு அவன் கேப்பான், கேக்கணும். நம்ம ஊரு வெயிலுக்கு முட்டைல இருந்து பறக்கற கொசு ஆக ஒரு வாரம் பத்து நாள் ஆகுது, அதுக்கு முன்னாடி நடுவுல வெட்டிவிடணும்னுதான் அந்தக் கணக்கு. பணியாளருங்க ஊத்தற அபேட் மருந்து புழுவைத்தான் கொல்லும், சுவத்துல ஒட்டியிருக்கற முட்டையை ஒண்ணும் பண்ணாது, அதனால "மருந்து ஊத்தியாச்சே"னு நாரைத் தூக்கி வெச்சுடாதீங்க. டிரம் மட்டும் இல்ல, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டி அடித்தட்டு, மொட்டை மாடில கிடக்கற டயர், கொட்டாங்குச்சி, எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாருங்க.

சார்ட்டை விட இன்னொண்ணு நல்லா வேலை செய்யும். டிரம் தண்ணியையே உள்ள இருக்கறது நல்லாத் தெரியற ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சு, அதுல நாலஞ்சு புழுவோட, வாய்ல பழைய வேட்டித் துணிய ரெண்டா மடிச்சுப் போட்டு ரப்பர் பேண்டை நாலு சுத்து இறுக்கிடுங்க, துணி தளர்வா இருந்தா இந்த வேலையே வேண்டாம். புழுங்க தலைகீழாத் தொங்கும், வால் பக்கம் இருக்கற குழாய் வழியாத்தான் மூச்சு, அதனாலதான் தண்ணி மேல எண்ணெய் விட்டா செத்துப் போகுது. பாட்டில் மேல கை நிழல் விழுந்தாப் போதும், எல்லாம் ஒண்ணா வளைஞ்சு வளைஞ்சு அடிக்கு ஓடும், கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டி ஒவ்வொண்ணா மேல வரும், பிள்ளைங்க இதையே அரை மணி நேரம் பாத்துட்டு உக்காந்திருக்கும். நடு நடுவுல உரிச்சுப் போட்ட தோல் மிதக்கும், நாலு தடவை தோல் உரிச்சதும் கமா வடிவத்துல கூட்டுப்புழு ஆயிடும். அது ஒண்ணும் சாப்பிடாது, ஆனா தொட்டா குட்டிக்கரணம் போடும், இப்போ மூச்சுக்குழாய் வால்ல இல்ல, முதுகுப் பக்கம் மேல வந்திருக்கும், இதைப் பையனே கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லாதீங்க. ரெண்டு நாள்ல கொசு வெளில வந்து தன் கூட்டு மேலயே நின்னு காயும். உணர்கொம்பு புசுபுசுன்னு இருந்தா ஆண், அது கடிக்காது, பூந்தேன் குடிச்சுட்டுப் போயிடும். பொண்ணுதான் கடிக்கும், முட்டை உருவாக ரத்தத்துல இருக்கற புரதம் வேணும். பாத்து முடிச்சதும் பாட்டிலை அப்படியே பாலிதீன் கவர்ல கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சு, அப்புறமா கழுவுங்க.

இன்னொரு விஷயம், வீட்ல இது ரொம்ப உதவும். கொசு பொறக்கும்போதே டெங்குவோட பொறக்கறது அபூர்வம், டெங்கு வந்த ஆளைக் கடிச்சு, வைரஸ் அது உடம்புல பெருகி எச்சில் வரைக்கும் வர எட்டுல இருந்து பன்னெண்டு நாள் ஆகும், அப்புறம்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கும். அதனால காய்ச்சல்காரங்களை பகல்லயும் வலைக்குள்ள படுக்க வைக்கணும், ஏடிஸ் பகல்ல கடிக்கற கொசு. ராத்திரி மட்டும் வலை கட்டிட்டு பகல்ல ஹால்ல படுக்கப் போடறதுதான் நம்ம வீடுகள்ல நடக்குது.

கேள்வி: எட்டு வயசு மக. கொசுப்புழுவைப் பாத்துட்டு "முட்டை எப்படிப்பா கொசு வயித்துக்குள்ள போச்சு"ன்னா. எங்கம்மா "வயசுக்கு மீறுன பேச்சு"னு அதட்டிட்டாங்க. எனக்கும் சொல்ல வாய் வரல. (வாசகர், மதுரை)

பதில்: அதட்டினது பெரியவங்களோட கூச்சம், அவங்க மேல கோவப்படாதீங்க, ஆனா மகளுக்குப் பதில் பாக்கி இருக்கு சார். "முட்டை வெளில இருந்து போகல, பொண்ணு கொசு உடம்புலயே உருவாகுது. ஆண் கொசு உடம்புல விந்தணுனு ஒண்ணு இருக்கு, ரெண்டும் சேரும்போது அது பொண்ணு உடம்புக்குள்ள போகும், முட்டையும் அதும் சேர்ந்தாத்தான் உள்ள குஞ்சு வளரும்." இவ்வளவுதான், இதுல ஒரு வார்த்தை கூட அசிங்கம் கிடையாது. சுவாரசியமா வேணும்னா, ஏடிஸ் பொண்ணு பெரும்பாலும் ஒரே தடவைதான் ஜோடி சேரும், அந்த விந்தணுவைச் சேத்து வெச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்கப் போடற முட்டைக்கெல்லாம் அதையே செலவு பண்ணும்னு சொல்லுங்க, கண்ணு விரியும்.

முடிஞ்சா ஒரு கண்ணாடித் தொட்டில கப்பி மீன் ஜோடி வாங்கி விடுங்க, விலை கம்மிதான். சின்னதா கலர் கலரா இருக்கறது ஆண், பெருசா மங்கலா இருக்கறது பொண்ணு. அது முட்டை போடாது, சுமாரா நாலு வாரத்துல குட்டியாவே போடும், வயித்து ஓரத்துல கறுப்பா ஒரு பட்டை இருட்டிக்கிட்டே வரும், அதை வெச்சே எப்போ போடும்னு சொல்லிடலாம். பெத்த குட்டியையே தின்னும், அதையும் மறைக்காதீங்க, கொஞ்சம் பாசி போட்டு வெச்சா குட்டிங்க ஒளிஞ்சுக்கும். இதே கப்பியைத்தான் கொசுப்புழு திங்கறதுக்குத் தொட்டிகள்ல விடறாங்க. பெருகிடுச்சுனு கொண்டு போயி ஏரி குளத்துல மட்டும் விட்டுடாதீங்க, அங்க இருக்கற நம்ம மீனுங்களுக்கு ஆபத்து.

அப்புறம் அவ "மனுஷங்களுக்கு?"னு கேப்பா. கேட்ட அளவுக்குச் சொல்லுங்க, அம்மா வயித்துல கர்ப்பப்பைனு ஒரு உறுப்பு இருக்கு, அதுலதான் நீ வளந்தன்னு. உறுப்புக்கு உறுப்போட பேரையே சொல்லிக் குடுங்க, செல்லப் பேரு வேண்டாம். யாராவது தப்பாத் தொட்டா எங்க தொட்டாங்கன்னு சொல்ல அவகிட்ட வார்த்தை இருக்கணும் இல்லையா, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098ஐயும் அப்படியே மனப்பாடம் பண்ண வெச்சுடுங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல மாதவிடாய் பத்தியும் பேசித்தான் ஆகணும், இன்னைக்கு வாயடைச்சா அன்னைக்கு அவ உங்ககிட்ட வரமாட்டா.

கேள்வி: பொண்ணு தலையில பேன். மருந்து போட்டா போகுது, பத்தே நாள்ல திரும்ப வந்துடுது. கிளாஸ்ல பக்கத்துல உக்கார்ற பொண்ணுகிட்ட இருந்துதான் வருதுனு நினைக்கிறேன், இடம் மாத்தச் சொல்லலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இடம் மாத்தச் சொல்லாதீங்க, அந்தப் பொண்ணு வீட்லயும் இதே கடிதம் எழுதிட்டு இருப்பாங்க. திரும்ப வரல, உள்ளயே இருந்துச்சு. நிறைய பேன் மருந்து பேனைக் கொல்லும், ஈரை முழுசாக் கொல்லாது. ஈர் பொரிய ஏழுல இருந்து பத்து நாள், பொரிஞ்ச குஞ்சு தானே முட்டை போடற அளவுக்கு வளர இன்னொரு ஒம்போது பத்து நாள். பொண்ணை உக்கார வெச்சு காலண்டர்ல வட்டம் போடச் சொல்லுங்க, முதல் தடவை போட்ட நாள்ல இருந்து ஒம்போதாவது நாள் வாக்குல ரெண்டாவது தடவை போடணும்னு அவளே சொல்லுவா, அதுக்குள்ள ஈர்ல பெரும்பாலும் பொரிஞ்சிருக்கும், குஞ்சுங்க இன்னும் முட்டை போட ஆரம்பிச்சிருக்காது. எந்த மருந்து, எவ்வளவு நேரம்னு மட்டும் டாக்டரையோ ஃபார்மசிலயோ கேட்டுக்குங்க.

முடில ஈர் எங்க இருக்குனு பாக்கறதும் நல்ல பாடம். பேன் தலைத்தோலை ஒட்டித்தான் ஈர் வைக்கும், அங்கதான் சூடு. முடி மாசத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளருது, அதனால தோல்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையா ஒட்டிட்டு இருக்கறது பெரும்பாலும் பொரிஞ்சு போன வெறும் கூடு, அதைப் பாத்துப் பதறி மறுபடி மருந்து ஊத்தாதீங்க. காதுக்குப் பின்னாடியும் பிடரிலயும் ஒட்டினாப்புல இருக்கறதுதான் உயிரோட இருக்கற ஈர். நிறைய எண்ணெய் வெச்சு, நெருக்கப் பல்லு பேன் சீப்பால மூணு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு வாரம் வாருங்க, வீட்ல எல்லார் தலையையும் பாருங்க, அப்பா தலையையும்தான். பேன் குதிக்காது பறக்காது, தலையும் தலையும் ஒட்டினாத்தான் ஏறும், அழுக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மண்ணெண்ணெய், கொசு ஸ்பிரே, செடிக்கு அடிக்கற மருந்து, இதெல்லாம் தலையில வைக்கவே வைக்காதீங்க, உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பையனுக்கு ஆறு வயசு, ராத்திரில பின்பக்கம் சொறியறான், தூக்கம் இல்ல. ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்களே, அப்புறமும் எப்படி? (பேர் வேண்டாம், ஈரோடு)

பதில்: பேர் வேண்டாம்னு எழுத இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, நகம் வெட்டி சுத்தமா வெச்சிருக்கற வீட்லயும் வரும். நீங்க சொல்றது கீரிப்பூச்சி மாதிரி தெரியுது. அதுல பெண் புழு, குழந்தை தூங்கினதும் குடல்ல இருந்து இறங்கி ஆசனவாய் ஓரத்துல வந்து ஆயிரக்கணக்குல முட்டை போடும், அரிப்பு அதனாலதான், சொறிஞ்ச விரல் நகத்துல முட்டை, காலைல அதே விரல் வாய்ல. அதோட முட்டை சில மணி நேரத்துலயே அடுத்த ஆளுக்குத் தொத்தற அளவுக்குத் தயாராயிடும், பெட்ஷீட்லயும் துண்டுலயும் ரெண்டு மூணு வாரம் கூட இருக்கும். ஸ்கூல்ல பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 வாக்குல குடுக்கற அல்பெண்டசோல் முக்கியமா மண் வழியாப் பரவற புழுக்களுக்காக. அது கீரிப்பூச்சியையும் கொல்லும், ஆனா வீட்ல மத்தவங்ககிட்ட இருந்தா திரும்பத் தொத்திக்கும்.

டாக்டரைப் பாத்து குடும்பமே ஒரே நாள்ல மாத்திரை போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. காலைல எழுந்ததும் குளிப்பாட்டிடுங்க, ராத்திரி ஒட்டின முட்டை அதுல போயிடும். ஜட்டி தினம் மாத்துங்க, பெட்ஷீட்டை உதறாம சுருட்டி எடுத்து வெந்நீர்ல போடுங்க. பையன்கிட்ட "புழு ராத்திரி ஷிஃப்ட்ல வேலைக்கு வருது"னு சொல்லிப் பாருங்க, சிரிச்சுக்கிட்டே நகம் வெட்ட கையை நீட்டுவான்.

கேள்வி: அரிசில வண்டு தானா உருவாகுதுன்னு மாமியார் சொல்றாங்க, பொண்ணு அதையே எழுதி பரீட்சைல மார்க் போச்சு. (வாசகி, திருவாரூர்)

பதில்: மாமியாருக்குத் துணைக்கு ஐரோப்பாவே இருந்துச்சு, 1668ல இத்தாலில ரெடினு ஒருத்தர், ஒரு ஜாடி கறியைத் திறந்தும் ஒண்ணைத் துணி கட்டியும் வெச்சு, ஈ உக்கார முடியாத கறில புழு வரலன்னு காட்டற வரைக்கும் அங்கயும் அழுகினா தானா வரும்னுதான் நம்பினாங்க. அரிசி வண்டு அரிசி மணில ஓட்டை போட்டு உள்ள ஒரு முட்டை வெச்சு ஓட்டையை மூடிடும், புழு உள்ளயே தின்னு வளந்து ஒரு மாசம் வாக்குல வண்டா வெளில வரும், அதனாலதான் வாங்கும்போது சுத்தமா இருந்துச்சேன்னு தோணுது. நல்லா வெயில்ல காய வெச்சு இறுக்கமான டின்ல போடுங்க. கொஞ்சமா வாங்கற ரவையை நாலு நாள் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா முட்டையும் செத்துடும்.

கேள்வி: பூஞ்சை புடிச்ச பிரெட்ல அந்த எடத்தை மட்டும் கிள்ளிட்டுக் குடுக்கலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: வேண்டாம். மேல தெரியற பச்சை, வித்து போடற எடம் மட்டும்தான், வேர் மாதிரி இழை பிரெட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஓடியிருக்கும். முகர்ந்து பாத்து முடிவு பண்றதும் வேண்டாம், அந்த வித்துத் தூள் மூச்சுல போயி வீசிங் இருக்கற குழந்தைக்கு இழுப்பு வரும். கவரோட முடிச்சு போட்டுக் குப்பைல போடுங்க, வெச்சிருந்த டப்பாவை சோப்பு போட்டுக் கழுவிக் காய வெச்சுட்டு அடுத்த பாக்கெட்டை வைங்க.