போலீஸை அடித்தால், அடிப்பதைப் பார்த்தால், அதை ஃபார்வர்டு செய்தால்: வேலூர் வக்கீலிடம் சில கேள்விகள்

பணியில் இருக்கும் போலீஸ்காரர் தாக்கப்பட்டார் என்று செய்தி வந்த அரை மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் "சுட்டுத் தள்ளு", இன்னொரு பக்கம் "நல்லா வேணும்". சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர், வடாற்காட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

காட்பாடியிலிருந்து: சார், ஹெல்மெட் செக்கிங்ல வாய்த்தகராறு. கை வைக்கவே இல்ல. ஆனா "போலீஸைத் தாக்கினார்"னு எஃப்.ஐ.ஆர். வாய் பேசினதுக்கே அப்படிப் போட முடியுமா?

வெறும் வாய்த்தகராறு தாக்குதல் ஆகாது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில், பிரிவு 132. பழைய இ.பி.கோ.வில் 353. தண்டனை 2 ஆண்டு வரை, பெயிலில் வர முடியாத பிரிவு. இது நிற்க வேண்டுமானால் பலப்பிரயோகம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இதோ அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவர் அஞ்சும்படியான சைகையாவது இருக்க வேண்டும்.

ஆனால் "கை வைக்கவே இல்லை" என்பதை நம்மவர்கள் கொஞ்சம் தாராளமாகவே சொல்வார்கள். லத்தியைப் பிடித்து இழுத்தால், சட்டையைப் பற்றினால், சலான் போடும் கருவியைத் தட்டிவிட்டால், அதெல்லாம் சட்டத்தின் கணக்கில் கை வைத்ததுதான். காயம் வேண்டியதில்லை.

தொடாமல் குறுக்கே நின்று வேலையைக் கெடுத்திருந்தால் அது பிரிவு 221, 3 மாதம் வரை. அதில் ஒரு நுணுக்கம். அந்தக் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ கோர்ட்டுக்கு எழுத்துமூலம் புகார் தர வேண்டும். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டு சார்ஜ் ஷீட் தாக்கல் செய்துவிட்டால் மட்டும் போதாது. குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டம் பி.என்.எஸ்.எஸ்., அதன் 215 அப்படிச் சொல்கிறது. உங்கள் வக்கீல் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

கே.வி.குப்பம்: அடிபட்டது லேசான காயம்தான். எலும்பு முறிவு இல்லை. எத்தனை வருஷம் வரும்?

பணியைத் தடுக்கும் நோக்கத்தில் காயம் ஏற்படுத்தினால் 121(1). இ.பி.கோ.வில் 3 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை இப்போது 5 ஆண்டு. கொடுங்காயம் என்றால் 121(2). குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில்.

எலும்பு முறிந்தால்தான் கொடுங்காயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பல் விழுந்தாலே கொடுங்காயம். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். முன்பு 20 நாள் என்றிருந்தது, புதுச் சட்டத்தில் 15 ஆக்கிவிட்டார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியிலும் காயச் சான்றிதழிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தே வழக்கு 5 ஆண்டா 10 ஆண்டா என்று முடிவாகும். கத்தியால் வெட்டினால், தலையில் கல்லைப் போட்டால் 109 வந்து சேரும், கொலை முயற்சி.

பாகாயம்: எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஏட்டு. வேலித் தகராறுல தள்ளுமுள்ளு. அவரு 132 போடுவேன்றாரு.

வேலித் தகராறு அவருடைய உத்தியோகம் இல்லையே. சாதாரணக் காயம், பிரிவு 115(2), அவ்வளவுதான் வரும். ஆனால் லீவில் வீட்டில் இருக்கும் போலீஸ்காரரை, "போன மாசம் என்னைப் பிடிச்சியே" என்று தேடிப் போய் அடித்தால் 132-ம் 121-ம் வரும். பணி காரணமாக நடந்த தாக்குதலும் அதற்குள் அடக்கம். சீருடையில் இருந்தாரா என்பதை விட, எதற்காக அடித்தீர்கள் என்பதைத்தான் கோர்ட்டு பார்க்கும்.

ஆம்பூர்: வேடிக்கை பார்த்தவனையும் கேஸ்ல சேர்க்கறாங்களே, இது எந்த நியாயம்?

உங்கள் ஊருக்கே இதற்கான விடை தெரியும். 2015 ஜூன் 27 இரவு. பள்ளிகொண்டா காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் சித்திரவதையால் இறந்தார் என்ற கோபத்தில் கூட்டம் சேர்ந்தது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன, பெண் போலீஸார் உட்பட ஏராளமானோர் காயம்பட்டார்கள். திருப்பத்தூர் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2025-இல். இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் தண்டனை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் விடுதலை. விடுதலைதானே என்று சொல்லலாம், ஆனால் அதற்குள் பத்து வருஷ வாய்தா ஓடியிருக்கிறது.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தில் கூடினால் 189. அந்தக் கூட்டத்தில் ஒருவன் கல் எறிந்தால், பொது நோக்கத்தைப் பகிர்ந்துகொண்ட எல்லோருக்கும் 190-இன் கீழ் அதே குற்றம். வேடிக்கை பார்த்தவருக்கு அந்த நோக்கம் கிடையாது, சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. சிக்கல் எஃப்.ஐ.ஆரில் வரும் "மற்றும் அடையாளம் தெரிந்த பலர்" என்ற வரியில் இருக்கிறது. அந்தப் "பலர்" யார் என்பதைப் பிறகு வீடியோவிலிருந்தும் செல்போன் டவர் பதிவிலிருந்தும் நிரப்புவார்கள். கூட்டத்தின் முன்வரிசையில், கையில் போனோடு, இருபது நிமிடம் நின்ற முகம் எல்லாக் கேமராவிலும் பதிவாகியிருக்கும். கல் எறிந்தவன் முகத்தில் கைக்குட்டை கட்டியிருப்பான்.

பெருங்கூட்ட வழக்குகளில் ஒரே சாட்சி சொல்வதை நம்பித் தண்டிக்காமல், இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணில்லாமல் ஒருவரை அடையாளம் காட்டுகிறார்களா என்று பார்ப்பது நல்லது என்று மசால்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரும்பாலான விடுதலைகளுக்கு அடிப்படை இந்த அளவுகோல்தான். ஆனால் அது தீர்ப்பு நாளில் கிடைக்கும் பாதுகாப்பு, கைது நாளில் உதவாது. கலைந்து போகச் சொல்லி மைக்கில் அறிவிப்பு வந்ததும் நகர்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு நிற்பது தனிக் குற்றம்.

அணைக்கட்டு: காளை விடும் விழாவுல போலீஸ் தடுத்தாங்கன்னா கூட்டம் தன்னால சூடாவுது. விழாக் குழு என்ன பண்ணனும்?

சூடு தன்னால் ஏறுவதில்லை. அனுமதி வந்துவிட்டது என்று குழுவே புரளி கிளப்பி, விடிவதற்குள் மாடுகளை வரவழைத்து, கடைசியில் அனுமதி இல்லை என்று போலீஸ் வாயால் சொல்ல வைக்கும்போது ஏறுகிறது. 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பஸ்களும் போலீஸாரும் கல்லடி பட்டது எருது விடும் விழா அனுமதி இழுபறியில்தான்.

கலெக்டர் உத்தரவு கையில் வரும்வரை வெளியூர் மாட்டுக்காரர்களுக்குத் தேதி சொல்லாதீர்கள். உத்தரவு நகலை வாடிவாசலிலேயே ஒட்டுங்கள். நேரம் முடிந்தால் நிறுத்துவதை அறிவிக்க வேண்டியது குழுத் தலைவர், இன்ஸ்பெக்டர் இல்லை. அறிவிப்பு உள்ளூர்க் குரலில் வந்தால் மரியாதை, காக்கியிலிருந்து வந்தால் வீம்பு. ஓடுபாதை ஓரம் ஜல்லிக் குவியல் கிடந்தால் முந்தின நாளே அள்ளிவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் கையெட்டும் தூரத்தில் கல் இல்லாத இடத்தில் கல்வீச்சு நடப்பதில்லை.

குடியாத்தம்: எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஒருத்தரை ரெண்டு பேர் வெட்ட வர்றதை நான் வீடியோ எடுத்திருந்தா, அதை என்ன செய்யணும்? போன் போனா திரும்ப வராதுன்னு பயம்.

முதலில் 100 அல்லது 112, பிறகு 108. அதற்கப்புறம்தான் வீடியோ.

எடுத்த வீடியோவை வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற உள்தகவலும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். "ஸ்பேஸ் இல்லை" என்று கேலரியைக் காலி செய்தவரின் சாட்சியம் பாதியாகிவிடும்.

மின்னணுப் பதிவு கோர்ட்டில் ஏற்கப்பட, புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவியைக் கையில் வைத்திருந்தவர், அதாவது நீங்கள், கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பகுதியில் நிபுணர். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு எழுதப்படும். அது கோப்புக்கான கைரேகை மாதிரி, ஒரு நொடி வெட்டினாலும் எண் மாறிவிடும். சான்றிதழ் விடுபட்டதால் நல்ல வீடியோ பெட்டியிலேயே தூங்கிப்போன வழக்குகள் கணக்கில்லை.

போனைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுத வேண்டும். மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் விவரம் எல்லாம் அதில் வர வேண்டும். நகல் கேட்டு வாங்குங்கள். பிறகு ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் சொத்தைத் திருப்பிக் கேட்டு மனு போட்டால், உத்தரவாதப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்காலமாகத் தருவார்கள். பயந்துகொண்டு போனை ஒளிப்பதைவிட இது எளிது.

வாக்குமூலத்துக்கு அழைத்தால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பல்டி அடித்துவிடுவோமோ என்று உங்களுக்கே உங்கள் மேல் சந்தேகம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 183-இன் கீழ் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்து "பார்த்துக்க" என்றாலும் சொன்னது சொன்னதுதான்.

விருதம்பட்டு: பாலாத்துல மணல் வண்டியைப் பிடிக்கப் போன போலீஸ் ஒருத்தர் தனியா மாட்டிக்கிட்டு "பிடிங்க"ன்னு கூப்பிட்டா, நாம போகணும்னு கட்டாயமா?

ஆம். ஒருவரைப் பிடிக்கவோ, தப்பிக்காமல் தடுக்கவோ, அமைதிக் குலைவை அடக்கவோ போலீஸ் நியாயமாக உதவி கேட்டால் பொதுமக்கள் உதவக் கடமைப்பட்டவர்கள். காரணமில்லாமல் மறுத்தால் தண்டனைகூட உண்டு. கத்திக்கு நேரே போய் நிற்கச் சொல்லவில்லை. "நியாயமாக" என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது. டிராக்டர் எண்ணைக் குறிப்பது, அழைப்பு போடுவது, அடிபட்டவரைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருவது எல்லாமே உதவிதான்.

கண்ணெதிரே இப்படித் தாக்கியவனை நீங்களே பிடித்து வைக்கலாம், பி.என்.எஸ்.எஸ். 40. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி வைத்து ஆளுக்கு ஒரு அடி போடுவது கைது இல்லை. அவனுக்கும் ஒரு காயச் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து உங்கள் மேல் எதிர்வழக்கு. இரண்டு வழக்கும் சேர்ந்து வந்தால் மூல வழக்கு நீர்த்துப்போகும்.

திருப்பத்தூர்: போலீஸைக் கொன்றவனை என்கவுன்ட்டர் பண்ணா மக்கள் கைதட்டறாங்க. நீங்க என்ன சொல்றீங்க ஐயா?

நான் கைதட்ட மாட்டேன். உங்கள் ஊரில் நக்சலைட் குண்டுக்கு இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் மூன்று காவலர்களும் பலியான 1980 ஆகஸ்ட் 6, ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. அந்த அஞ்சலி நியாயமானது. அதன்பின் வடாற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் நடந்த "மோதல்" சாவுகள் பற்றிய கேள்விகள் இன்றுவரை தீரவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் நினைவில் வைக்க வேண்டும்.

2014-இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, என்கவுன்ட்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர்., சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் அணியின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம்.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2017 டிசம்பரில் ராஜஸ்தானில் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் சுடப்பட்டபோது, கொள்ளையர்களே சுட்டார்கள் என்று தமிழ்நாடே கொதித்தது. பாய்ந்தது உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கிக் குண்டு என்று பிறகு ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. முதல் நாளே யாரையாவது சுட்டுத் தள்ளியிருந்தால்?

ஆற்காடு: அடிபட்ட போலீஸ் படத்தைப் போட்டு "நல்லா வேணும்"னு ஸ்டேட்டஸ் வெச்சா கேஸா?

அநாகரிகம், ஆனால் அது மட்டுமே குற்றமாகாது. "இன்னும் நாலு பேரைப் போடுங்கடா" என்றால் தூண்டுதல். "ஸ்டேஷனில் இன்னொருவன் செத்துட்டான், எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்று பொய்யைப் பரப்பினால் புதுச் சட்டத்தின் பிரிவு 353 (முன்பு சொன்ன இ.பி.கோ. 353 இல்லை), 3 ஆண்டு வரை. உண்மை என்று நம்ப நியாயமான ஆதாரம் இருந்து, கெட்ட நோக்கமில்லாமல் பகிர்ந்திருந்தால் அதிலேயே விலக்கும் உண்டு. ஆனால் "மாமா குரூப்ல வந்துச்சு" என்பது நியாயமான ஆதாரம் இல்லை.

ராணிப்பேட்டை: தம்பி மேல 132 இருக்கு. பட்டாளத்துக்கு, போலீஸுக்குப் போக முடியுமா?

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள ஜில்லாவில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அதுவே தனிக் காரணமாகிவிடும், மறைக்கவே கூடாது. தமிழ்நாடு போலீஸ் தேர்வு விதிகளில், "சந்தேகத்தின் பலன்" அளித்து விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். அதனால் விடுதலையாவது மட்டும் போதாது, தீர்ப்பின் சொற்கள் முக்கியம். குற்றமே நிரூபிக்கப்படவில்லை, கண்ணியமான விடுதலை என்று வரும்படி வக்கீல் வாதாட வேண்டும். பிழையாகச் சேர்க்கப்பட்டிருந்தால் விசாரணை வரை காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுங்கள்.

வாணியம்பாடி: எல்லாம் சரி. போலீஸே முதல்ல அடிச்சா? திருப்பி அடிக்கிற உரிமை இல்லையா?

தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் போலீஸ் விஷயத்தில் மிகக் குறுகியது. நல்லெண்ணத்தோடு, பதவியின் பெயரால் செய்யும் செயல் சட்டப்படி முழுக்கச் சரியில்லை என்றாலும் அதற்கு எதிராகத் தற்காப்பு கிடையாது. உயிர் போகும், கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் மட்டும் உண்டு. கன்னத்தில் ஓர் அறை அந்த அச்சத்தைத் தராது. திருப்பி ஓர் அறை விட்டால் அவருடைய அறை வழக்கிலிருந்தே காணாமல் போய்விடும், உங்களுடையது மட்டும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும்.

அன்றே அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்யுங்கள். டாக்டரிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள், யார் எதால் அடித்தார் என்று ஏ.ஆரில் ஏறட்டும். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட் கேட்பதற்கு முன்பே அடித்ததைச் சொல்லுங்கள். ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் தேதி, நேரம், எந்த அறை என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட் அனுப்பிவிடுங்கள். "கேமரா ரிப்பேர்" என்ற பதில் பெரும்பாலும் கடிதம் தாமதித்த இடங்களில்தான் வருகிறது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி., அங்கேயும் நகரவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175-இன் கீழ் மாஜிஸ்திரேட். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தபால் ரசீதுகளைக் கசங்காமல் வைத்திருங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும், வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.