பழைய வீட்டுச் சிங்க்குக்குக் கீழே ஆர்.ஓ.: முதலில் தண்ணீர் எந்த லைனில் வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பழைய வீடு. சமையலறைச் சிங்க்குக்குக் கீழே ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) குடிநீர் வடிகட்டியும் அதற்கான தனிக் குழாயும் நானே பொருத்தலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் பொருத்தலாம். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தாமான். என் வீட்டில் நானேதான் பொருத்தினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அதே சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம்.

பொருத்திய மறுநாள் காலை அம்மா புதுக் குழாயைத் திறந்தார். அரை டம்ளர் வந்தது, அப்புறம் நூல் மாதிரி சொட்டியது. வடிகட்டிய தண்ணீரைச் சேர்த்து வைக்கும் ஆர்.ஓ. தொட்டி இரவுக்குள் நிறைந்திருக்க வேண்டும். விற்றவரிடம் சொன்னேன், மெம்பரேனை, அதாவது உள்ளே வடிகட்டும் சவ்வை, மாற்றிக் கொடுத்தார். அப்போதும் அப்படியேதான். கடைசியில், தோட்டத்தில் தண்ணி பம்ப் பார்த்த என் தாய்மாமா வந்தார். சிங்க்குக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தப் பைப்பு எந்த லைன்லேர்ந்து வருது மாப்ளே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நேரே வாசலுக்குப் போய் மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு வந்து சிங்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதாவது, அது கூரைத் தொட்டித் தண்ணீர். இந்த நாட்டு வீடுகளில் சமையலறைக் குழாய் பெரும்பாலும் மீட்டரிலிருந்து நேராக வரும், குளியலறைக்குத்தான் தொட்டி. ஆனால் தோட்டத்து ஊர்களில் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறைகள் நிறைய. கட்டியவர் எந்தப் பைப்பு கைக்கு எட்டியதோ அதிலிருந்து லைன் எடுத்திருப்பார். என் வீட்டில் நடந்தது அதுதான்.

கூரைத் தொட்டி ஏன் ஆகாது? ஆர்.ஓ. மெம்பரேன் வலை மாதிரி வடிகட்டுவதில்லை. அதன் துளை 0.0001 மைக்ரான் அளவு, உப்பையே தடுத்துவிடும். அதன் வழியாகத் தண்ணீரைத் தள்ள அழுத்தம் வேண்டும், சுமார் 40 பி.எஸ்.ஐ.யாவது (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவதே 14 பி.எஸ்.ஐ.தான். குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருக்கும் தொட்டி நான்கைந்து பி.எஸ்.ஐ. தருவதே பெரிது. மெம்பரேன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் அந்த மீட்டர் வால்வுச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் நேர் லைன். நிற்காவிட்டால் வெளிச்சுவர் ஓரமாக அரை இஞ்சுப் பைப்பு ஒன்றைப் புதிதாக இழுக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். நேர் லைனாக இருந்தாலும் அழுத்த மீட்டர் ஒன்றைக் குழாயில் மாட்டிப் பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் எனக்கு இருபது ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. அதையும் மத்தியானம் பார்க்காதீர்கள். காலை ஆறரைக்கு, ஊரே குளித்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். என் வீட்டில் மத்தியானம் 55, காலையில் 42. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் பூஸ்டர் பம்ப் வைத்த செட் வாங்குவது நல்லது. அதில் தண்ணீர் நின்றால் பம்பை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் வெட்டு வரும் நாளில் பம்ப் வெறுமனே ஓடினால் கெட்டுவிடும்.

சரி, பொருத்தும் வேலைக்கு வருவோம்.

பழைய வீடுகளில் சிங்க் குழாய் சுவரில்தான் இருக்கும். படக்காட்சிகளில் காட்டுவது போல் சிங்க்குக்குக் கீழே வால்வு இருக்காது. அதனால் குழாயைக் கழற்றி, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே வால்வுடன் கூடிய டீ (T வடிவ இணைப்பு) ஒன்றை முறுக்க வேண்டும். வெள்ளை டேப்பை மரை முனை உங்களைப் பார்த்தபடி வைத்துக் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்துவிடும். கழற்றுவதற்கு முன் மீட்டர் வால்வை மூட மறக்க வேண்டாம்.

தனிக் குழாய்க்கு 12 மில்லிமீட்டர் துளை போதும். சில்வர் சிங்க் என்றால் மெதுவாகச் சுற்றி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துளையுங்கள். டைல்ஸ் ஒட்டிய சிமெண்டு மேடை என்றால் வைர முனை வேண்டும். முனையைச் சாய்த்து வைத்து ஒரு பிறை போலக் கோடு விழுந்த பிறகு நிமிர்த்துங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், டிரில்லின் சுத்தியல் விசையைப் போடவே கூடாது. டைல்ஸ் விரிசல் விட்டுவிடும்.

கால் இஞ்சு டியூபைச் சமையல் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். வாய் நசுங்கிச் சாய்வாகிவிடும், ஒழுகுவது பாதி அதனால்தான். புது பிளேடால் நேராக வெட்டி, உள்ளே முட்டும் வரை தள்ளி, திரும்ப இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. கழிவுக் குழாயைச் சிங்க்கின் வளைபைப்புக்கு மேலே மாட்டுங்கள், கீழே மாட்டினால் சாக்கடை வாடை வரும். ஆர்.ஓ. தொட்டியில் காற்று ஏழு பி.எஸ்.ஐ. அளவில் இருக்கிறதா என்று, தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே மோட்டார் டயர் அளவியால் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரைத் திறந்ததும் முதலில் கரி வடிகட்டிகளைத் தனியாக அலசுங்கள். சில நிமிடம் மை போலக் கறுப்பாக வரும். அந்தக் கரித்தூள் மெம்பரேனுக்குள் போகக்கூடாது. அப்புறம் மெம்பரேனை மாட்டி, முதல் தொட்டித் தண்ணீரை முழுவதும் கீழே விடுங்கள். அன்றிரவு ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தேன். காலையில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத கசிவு.

தோட்டத்துப் பக்கம் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலி. பிளாஸ்டிக் டியூபைக் கடித்துவிடும். சுவர் ஓட்டைகளை இரும்பு நாரால் அடைத்து, டியூபை மின்கம்பிக்குப் போடும் வெள்ளைக் குழாய்க்குள் விடுங்கள்.

இனி, ஆர்.ஓ. உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? இதை யோசித்துவிட்டு வாங்குங்கள். நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், அதில் கரைந்த உப்பு குறைவு. கரைந்த பொருள்களை அளக்கும் என் வீட்டு டி.டி.எஸ். மீட்டர் லிட்டருக்கு 48 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு மலேசியத் தரம் அனுமதிப்பது 1,000. எங்கள் தொல்லை உப்பு அல்ல, கலங்கல். கனமழைக்குப் பிறகும் தண்ணீர் வெட்டு முடிந்த பிறகும் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் வரும். அதற்கு வண்டல் வடிகட்டியும் கரியும் யூ.எஃப். வடிகட்டியும் (ஆர்.ஓ.வைவிடப் பெரிய துளை உள்ள சவ்வு) போதும். அவை கழிவுத் தண்ணீரை வெளியே விடாது, இவ்வளவு அழுத்தமும் கேட்காது. கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ என்றால் கதை வேறு, அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு ஆர்.ஓ. போடலாம். நான் ஆர்.ஓ.வை எடுத்தேன், வீட்டில் சின்னக் குழந்தை இருந்ததால் மனம் அதைத்தான் கேட்டது. ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவாகப் போகிறது. அதை வாளியில் பிடித்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறோம்.

எங்கள் பக்கம் கலங்கல் அதிகம் என்பதால் வண்டல் வடிகட்டியை நான்கு மாதத்தில் மாற்றுகிறேன், கரியை ஆறு மாதத்தில். மெம்பரேன் இரண்டரை ஆண்டாக நன்றாக இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டில் இருந்தபோது அம்மா பைப்பு வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி, மாலைக்குள் பழுப்பாகிவிடும் அந்தத் துணியைத் தினமும் துவைத்துப் போடுவார். பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகுதான் எங்களுக்குக் கொடுப்பார். இப்போதும் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. தொட்டியில் தங்கும் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியையும் டியூபையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அந்த வேலை தள்ளிப்போகும் மாதங்களில் அம்மாவின் கெண்டிதான் எங்களுக்குக் காவல்.